“அங்க எந்தத் தெரு தம்பி?”

ஆடி பிறந்துவிட்டால் யாரும் வீடு மாற மாட்டார்கள். அதனால் இந்த ஆண்டு ஆனி கடைசியில், ஒரு சனிக்கிழமை விடியற்காலையில், ஆனைக்குட்டத்திலிருந்து நாங்கள் மூன்று பேர் தூத்துக்குடிக்குப் பஸ் ஏறினோம். எங்கள் பகுதிப் பையன் ஒருவருக்கு வாடகை வீடு பிடித்துக் கொடுக்க வேண்டும். துறைமுகத்தை ஒட்டிய சரக்குப் பெட்டகக் கிடங்கு ஒன்றில் கணக்கு எழுதுகிறார். மனைவி செவிலியர். ஆறு மாதக் கைக்குழந்தை. அப்பாவும் அம்மாவும் பட்டாசு ஆலையில் காலமெல்லாம் உழைத்து, ‘இந்த வேலைக்கு மட்டும் நீ வந்துராத’ என்று சொல்லிப் படிக்க வைத்த பிள்ளை. ஒரு மாதம் தனியாக அலைந்து பார்த்துவிட்டு, “நீங்க பெரியாளுக வந்து பேசுனா கிடைக்கும்ணே” என்று எங்களைக் கூப்பிட்டிருந்தார்.

இரண்டு நாளில் பதினொரு வீடு பார்த்தோம். முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பதினொரு வீட்டிலும் யாரும் எங்களை அவமானப்படுத்தவில்லை. வாங்க, உக்காருங்க என்றார்கள். இரண்டு வீட்டில் காபி கொடுத்தார்கள். சாதி என்ற சொல்லை ஒருவர்கூட உச்சரிக்கவில்லை.

பேச்சு எல்லா இடத்திலும் ஒரே தடத்தில்தான் போனது. “எந்த ஊரு?” விருதுநகர் பக்கம். “விருதுநகரேவா?” இல்லை, ஆனைக்குட்டம் பக்கம். “ஓ, அணைக்கட்டு இருக்குல்லா... அங்க எந்தத் தெரு தம்பி?” இந்த மூன்றாவது கேள்விதான் கேள்வி. முதல் இரண்டும் அதற்குப் படிக்கட்டு. நம்மில் யார் வீடு தேடிப் போனாலும் இந்த மூன்றாவது படியில் ஒரு நொடி நிற்கிறோம். அந்த ஒரு நொடியே கேட்டவருக்குப் பதிலாகி விடுகிறது.

தெருவைச் சொல்லாமல் தப்பித்தாலும் ஆதார் அட்டை விடாது. ஒரு வீட்டில் அம்மா ஒருவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு ஜெராக்ஸை வாசித்தார். முகவரியில் ‘காலனி’ என்று இருந்தது. மடித்துத் திருப்பிக் கொடுத்தார். “வீட்டுக்காரர்ட்ட கேட்டுட்டு போன் பண்ணுதேன் தம்பி.” போன் வரவில்லை. மறுநாள் காலை, எங்களோடு வந்த தலித் அல்லாத தோழர் ஒருவர், அதே எண்ணுக்குத் தன் பெயரைச் சொல்லிப் பேசினார். வீடு காலியாகத்தான் இருந்தது. சாயங்காலமே வந்து பார்க்கச் சொன்னார்கள்.

அந்த ‘காலனி’ என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். அது ஆதிக்கத்தின் அடையாளமாகவும் வசைச் சொல்லாகவும் மாறிவிட்டதால் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று முதல்வர் மு.க. ஸ்டாலின் 2025 ஏப்ரல் 29 அன்று சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். ஆனால் தூத்துக்குடிக்குள் போய்ப் பாருங்கள். முத்தம்மாள் காலனி என்று ஒரு பெரிய குடியிருப்பே இருக்கிறது. டாக்டரும் வக்கீலும் வங்கி அதிகாரியும் வீடு கட்டியிருக்கிறார்கள். அங்கே அந்தச் சொல்லுக்கு ஒரு குறையும் இல்லை, கடிதத் தலைப்பிலேயே அச்சடித்துக்கொள்ளலாம். விருதுநகர் மாவட்டத்துக் கிராமத்தின் பெயருக்குப் பின்னால் வந்தால் மட்டும் அது வீட்டுச் சாவியைத் திருப்பி வாங்கிக்கொள்கிறது. நாளை எங்கள் முகவரியில் காலனி போய் வேறு நகர் வந்தால், அந்தப் புதுப் பெயரையும் கற்றுக்கொள்ள வீட்டுக்காரர்களுக்கு எத்தனை நாள் ஆகும்?

தூத்துக்குடி யாருக்கும் இடம் கொடுக்காத ஊர் இல்லை என்பதுதான் நமக்கு உறுத்துகிறது. போர்த்துக்கீசியர் வந்தார்கள், கோயில் கட்டினார்கள். 1658இல் டச்சுக்காரர் பிடித்தார்கள். 1825இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. வந்தவர்கள் எல்லாரும் பண்டகசாலையும் பங்களாவும் எழுப்பினார்கள். மில்லர்புரம், பிரையண்ட் நகர் என்று வெள்ளைக்காரப் பெயர்களை ஊர் இன்றும் கூச்சமில்லாமல் சுமக்கிறது. 1906இல் வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியதும், 1908இல் கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததும் இங்கேதான். பல சமயம், பல மொழி, பல சாதி கலந்த துறைமுகம்.

எங்கள் முன்னோரும் அந்தத் துறைமுகத்துக்கு வந்தவர்கள்தாம். 1876இல் ரயில் தூத்துக்குடியை எட்டியது. அதற்குப் பிறகு தென்மாவட்டங்களின் சேரிகளிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனவர்களில் பெரும் பகுதியினர் இந்த வழியாகத்தான் கப்பலேறினார்கள். அவர்களை நகரத்துக்குள் விடாமல், தொற்று நோய்க்குப் பயந்து, வெளியே தட்டப்பாறையில் முகாம் போட்டு அடைத்து வைத்திருந்து கப்பலுக்கு அனுப்பினார்கள். மூட்டை தூக்கவும் உப்பளத்தில் கால் வெடிக்க நிற்கவும் வந்தவர்கள், ஊரின் ஓரத்தில் கிடைத்த மேட்டில் குடிசை போட்டார்கள். துறைமுகம் நமக்குப் புதிதில்லை. வீடுதான் புதிது.

இப்போது என்ன மாறியிருக்கிறது? நம் பிள்ளைகள் மூட்டை தூக்க வரவில்லை. டிப்ளமோவோடும் பி.காமோடும் நர்சிங் சான்றிதழோடும் வருகிறார்கள். ஓரத்துக் குடிசையை அவர்கள் கேட்கவில்லை. கழிவறை உள்ளே இருக்கும் இரண்டு அறை வீட்டை, நியாயமான வாடகைக்கு, நாலு பேர் இருக்கும் தெருவில் கேட்கிறார்கள். அதே நேரத்தில் ஊரும் பெருத்துக்கொண்டு வருகிறது. 2025 ஜூலை 26 அன்று விமான நிலையத்தின் புது முனையம் திறக்கப்பட்டது. 2025 ஆகஸ்ட் 4 அன்று வின்ஃபாஸ்ட் மின்சாரக் கார் ஆலை திறக்கப்பட்டது. துறைமுகத்தில் வேலை, குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் தளம் என்று ஆள்கள் வந்து குவிகிறார்கள். ஒரு வீட்டுக்கு ஒருவர் வந்த காலத்தில், சாதி பார்த்தால் வீடு பூட்டிக் கிடக்கும் என்ற பயமாவது வீட்டுக்காரருக்கு இருந்தது. ஒரு வீட்டுக்கு பத்துப் பேர் வரும்போது அந்தப் பயமும் போய்விடுகிறது. ‘வளர்ச்சி வந்தால் சாதி தானாகக் கரையும்’ என்று நம் நண்பர்களே சிலர் மேடையில் பேசுகிறார்கள். வாடகை வீட்டுச் சந்தையில் நாங்கள் பார்த்தது அதற்கு நேர் எதிர். போட்டி கூடக் கூடச் சல்லடையின் கண் சிறுத்துக்கொண்டே போகிறது.

இது தூத்துக்குடியின் தனி நோயும் இல்லை. தில்லியையும் அதைச் சுற்றிய நகரங்களையும் வைத்து சுகதேவ் தோரட்டும் உடன் ஆய்வாளர்களும் நடத்திய ஆய்வு 2015இல் ‘எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி’யில் வந்தது. எங்கள் தோழர் போனில் செய்ததை அவர்கள் முறையாகச் செய்தார்கள். ஒரே தகுதி, ஒரே வேலை, பெயரும் அடையாளமும் மட்டும் வேறு. தலித்துகளுக்கு மறுப்பு வந்தது, முஸ்லிம்களுக்கு அதைவிட அதிகமாக வந்தது. கிடைத்த வீடுகளுக்கும் கூடுதல் வாடகையும் நிபந்தனையும் ஒட்டிக்கொண்டு வந்தன. தமிழ்நாட்டுத் துறைமுக நகரம் ஒன்றில் இப்படி ஓர் ஆய்வை நம் பல்கலைக்கழகங்களில் யாராவது செய்யலாம். சமூகப் பணித் துறைகளுக்கு ஆய்வுத் தலைப்புப் பஞ்சம் என்று கேள்விப்படுகிறோம்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது?

எல்லாரும் சொல்லுவது புதுச் சட்டத்தை. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. நகரப் பகுதிகளுக்கு உரியது. வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. தகராறு வந்தாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ வீட்டுக்காரர் துண்டிக்கக் கூடாது. துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத ஒருவரை வாடகை அதிகாரியாக ஆட்சியர் நியமிக்க வேண்டும். எல்லாம் நல்ல விதிகள். ஆனால் கவனித்துப் பாருங்கள், ஒவ்வொன்றும் சாவி கைக்கு வந்த பிறகு தொடங்குகிறது. வாசலில் நிற்பவனைப் பற்றி அந்தச் சட்டத்தில் ஒரு வரி இல்லை. சாதியைக் காட்டி வீடு மறுப்பது பற்றி அது வாயே திறக்கவில்லை.

வாசலைப் பற்றிப் பேசும் சட்டம் வேறொன்று இருக்கிறது. அது பழையது, பலருக்கும் மறந்துபோனது. 1955இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டமாக வந்து, 1976இல் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. அதன் 4ஆம் பிரிவு, தீண்டாமையின் பேரில் செய்யப்படும் தடைகளைப் பட்டியலிடுகிறது. கடை, ஓட்டல், கிணறு, குளம், மயானம் எல்லாம் நமக்குத் தெரியும். அந்தப் பட்டியலிலேயே இன்னொன்றும் இருக்கிறது: எந்தப் பகுதியிலும் குடியிருப்பு வீடு கட்டுவதையும் வாங்குவதையும் அதில் குடியிருப்பதையும் தடுப்பது. தண்டனை ஒரு மாதத்துக்குக் குறையாமல் ஆறு மாதம் வரை சிறை, கூடவே அபராதம். அபராதம் நூறு முதல் ஐந்நூறு ரூபாய். இன்றைக்கு அது பெரிய ஓட்டலில் ஒரு நேரச் சாப்பாட்டுக் காசு.

இதைவிட முக்கியமானது 12ஆம் பிரிவு. இப்படிப்பட்ட செயல் பட்டியல் சாதியினர் ஒருவர் விஷயத்தில் நடந்தால், அது தீண்டாமையின் பேரில்தான் நடந்தது என்று நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும். இல்லை என்று நிரூபிக்கும் பொறுப்பு எதிராளிக்கு. எழுபது ஆண்டுகளுக்கு முன்னால் சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, மறுப்பவன் காரணத்தை வாய்விட்டுச் சொல்ல மாட்டான் என்று. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்திலும் வழி இருக்கிறது. 2016 ஜனவரி 26 முதல் நடப்புக்கு வந்த திருத்தத்தில் சமூகப் புறக்கணிப்பும் பொருளாதாரப் புறக்கணிப்பும் குற்றம். ஒருவரோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்ள மறுப்பதும் அந்த விளக்கத்துக்குள் வருகிறது. வாடகையும் கொடுக்கல் வாங்கல்தானே என்று வழக்கறிஞர்கள் வாதாட இடமுண்டு.

பிறகு ஏன் வழக்கு இல்லை? எங்களையே கேட்டுக்கொண்டோம். பதினொரு வீடு பார்த்த நாங்கள் ஒரு புகாரும் எழுதவில்லை. பையன் கையைப் பிடித்துக்கொண்டார். “வேணாம்ணே. புகார் குடுத்த ஆளுன்னு தெரிஞ்சா இந்த ஊர்லயே வீடு கிடைக்காது.” அவர் சொன்னது கோழைத்தனம் இல்லை, கணக்கு. கொலைக்கும் தாக்குதலுக்கும் புகார் கொடுக்க வேண்டிய கட்டாயம் நம்மைத் துரத்துகிறது. வீட்டு மறுப்பில் துரத்துவது வேறு. திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும், குழந்தையைத் தரையில் போட ஒரு கூரை வேண்டும். அடுத்த தெருவில் பார்க்கலாம் என்ற நம்பிக்கை ஒன்று மிச்சம் இருக்கும்வரை யாரும் காவல் நிலையப் படியேற மாட்டார்கள். ‘வீடு விட்டாச்சு’ என்ற இரண்டு சொல், இத்தனை பிரிவுகளையும் சும்மா உட்கார வைத்துவிடுகிறது.

இந்த இடத்தில் பாபாசாகேப் அம்பேத்கரின் பரோடா அனுபவத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1917. அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு மன்னர் சமஸ்தானத்தில் அதிகாரியாக வந்தவர். பார்சி விடுதி ஒன்றில், ஒரு பார்சிப் பெயரைப் பதிந்துகொண்டுதான் தங்க முடிந்தது. விஷயம் தெரிந்ததும் தடிகளோடு வந்து வெளியேறச் சொன்னார்கள். இரண்டு நண்பர்களிடம் போனார். இந்து நண்பர், நீங்கள் வந்தால் என் வேலைக்காரர்கள் போய்விடுவார்கள் என்றார். கிறிஸ்தவ நண்பர், மனைவி வரட்டும், கேட்டுச் சொல்கிறேன் என்றார். ஒரு பூங்காவில் பல மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு ராத்திரி ரயிலில் பம்பாய் திரும்பினார். ‘விசாவுக்காகக் காத்திருக்கிறேன்’ என்ற நூலில் அவரே எழுதியிருப்பது. நூறு ஆண்டு கழிந்தும் அந்தக் கிறிஸ்தவ நண்பரின் பதில் அப்படியே இருக்கிறது. ‘வீட்டுக்காரர்ட்ட கேட்டுட்டுச் சொல்லுதேன்.’ பரோடாவில் மனைவி, இங்கே கணவர். அவ்வளவுதான் மாற்றம்.

நம் பக்கத்துக் குற்றத்தையும் மறைக்கக் கூடாது. பட்டியல் சாதிகளிலேயே வசதி வந்து மாடி கட்டி வாடகைக்கு விடுகிறவர்கள் நம் மாவட்டத்து ஊர்களில் இன்று உண்டு. அருந்ததியர் குடும்பம் ஒன்று வந்து கேட்டால் அவர்களில் எத்தனை பேர் சாவியை நீட்டுகிறோம்? தூய்மைப் பணியாளர் என்று தெரிந்ததும் ‘உறவுக்காரங்க வர்றாங்க’ என்று நாமே சொன்னது இல்லையா? எங்கள் கூட்டங்களில் இதை எழுப்பும்போது சிலர் முகம் சுளிக்கிறார்கள். எதிரிக்குத் தீனி போடாதீர்கள் என்கிறார்கள். அந்த அருந்ததியர் குடும்பத்துக்கு எதிரி யார் என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

கதவு மறுக்கப்பட்ட வரலாறு நம் மாவட்டத்தின் பெரிய வணிகச் சமூகத்துக்கும் இருக்கிறது. கோயில் நுழைவு கேட்ட நாடார்களுக்கு எதிராக 1899இல் சிவகாசி எரிந்தது. வியாபாரத்துக்கு வெளியூர் போனால் சரக்கோடு பத்திரமாகத் தங்க இடமில்லாத காலத்தில், அவர்கள் மகமை பிரித்துப் பேட்டைகளைக் கட்டினார்கள். வண்டியும் மாடும் மூட்டையும் மனிதரும் அடையச் சொந்த இடம். அந்த மகமையிலிருந்துதான் பள்ளிகளும் பின்னால் வந்தன. இதைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. தங்குவதற்கு ஓர் இடம் இருந்தால் ஒரு தலைமுறை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எங்கள் கண்முன் இருக்கும் உதாரணம் இது. தூத்துக்குடியில் வீட்டுக்கு அலையும் பிள்ளைகளுக்கு, வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு மட்டுமாவது தங்க, நாமே ஒரு பேட்டை போட முடியாதா? பொங்கலுக்குக் கபடிப் போட்டிக்கும் ஃபிளெக்ஸ் பேனருக்கும் பிரியும் காசின் கணக்கைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறோம்.

ஆனால் நாமே கட்டிக்கொள்வது ஒதுங்கிக்கொள்வதாகிவிடக் கூடாது. அரசு செய்ய வேண்டியது நிறைய இருக்கிறது. படிக்கும்வரை விடுதி உண்டு. சமூக நீதி விடுதி என்று 2025இல் அதற்குப் பெயரும் மாறியது. படித்து முடித்த மறுநாள் பிள்ளை தெருவில் நிற்கிறது. 1997இல் தொடங்கிய பெரியார் நினைவு சமத்துவபுரங்களில் நூறு வீட்டில் நாற்பது தலித்துகளுக்கு என்று கணக்கு வைத்து எல்லாரையும் ஒரே தெருவில் குடியேற்ற முடிந்தது. சொந்த வீட்டுக்குச் செய்ததை, தொழிற்பேட்டைகளைச் சுற்றி அரசு கட்டும் வாடகைக் குடியிருப்புக்கும் செய்யலாம். வரிச்சலுகையும் நிலமும் வாங்கும் ஆலைகளிடம் தொழிலாளர் குடியிருப்பைக் கேட்கலாம். வாடகை மறுப்புப் புகாரையும் வாடகை அதிகாரியே பெற்று, 1955 சட்டத்தின் கீழ் காவல்துறைக்கு அனுப்பும்படி விதியில் ஒரு திருத்தம் போதும். ஆட்சியர் தலைமையிலான வன்கொடுமைத் தடுப்புக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும் என்று விதி இருக்கிறது. அதன் பொருள்நிரலில் வீடு என்ற சொல் இதுவரை எங்கள் கண்ணில் பட்டதில்லை. அடுத்த கூட்டத்துக்கு இரண்டு மாவட்டங்களிலும் மனு கொடுக்கப் போகிறோம். வீடு தேடி அலைந்தவர்கள் தேதி, தெரு, சொன்ன பதில் மூன்றையும் எழுதி வையுங்கள். பெயர் வேண்டாம். பதினொன்று நூற்றுப் பத்தாகும்போது அதை யாரும் தற்செயல் என்று சொல்ல முடியாது.

பையனுக்கு வீடு கிடைத்துவிட்டது. பன்னிரண்டாவது வீடு. ஊரின் தாழ்வான பகுதியில், தரைத்தளம். 2023 டிசம்பர் 17, 18 மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதும், தூத்துக்குடி நகரம் நாள் கணக்கில் தண்ணீரில் நின்றதும் எல்லாருக்கும் நினைவிருக்கும். அந்த வீட்டுச் சுவரில் இடுப்பு உயரத்துக்குக் கறை இருந்தது. மேலே சுண்ணாம்பு அடித்திருந்தும் தெரிந்தது. வாடகை 6,500. முன்பணம் 60,000. சட்டப்படி 19,500க்கு மேல் கேட்கக் கூடாது என்று நாங்கள் சொல்ல வாயெடுத்தோம். அவர் மனைவி கண்ணாலேயே நிறுத்தினார். நகையை அடகு வைத்துத்தான் கொடுத்தார்கள். ‘ஊர்ல இருந்து ஆளுக அடிக்கடி வந்து போகக் கூடாது’ என்பது நிபந்தனை. ஆனி கடைசி நாளில் பால் காய்ச்சினார்கள். நிபந்தனைப்படி நாங்கள் போகவில்லை.

எங்கள் அணையைத் தாண்டும் அர்ச்சுனா நதியின் தண்ணீர் வைப்பாற்றில் சேர்ந்து, தூத்துக்குடி மாவட்டத்துக் கடலில்தான் போய் விழுகிறது. அதற்கு யாரும் தெரு கேட்பதில்லை. இப்போது ஐப்பசி மழை பிடித்துவிட்டது. போன வாரம் போனில் பேசினோம். கட்டில் கால்களுக்குக் கீழே இரண்டிரண்டு செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறார்களாம். வாடகை ஒப்பந்தம் இன்னும் எழுதவில்லை. கேட்டால், தை பிறக்கட்டும் தம்பி என்கிறாராம் வீட்டுக்காரர்.